கேட்கிறவன் யார்?

சில வருஷங்களுக்கு முன், ஐப்பசி மாதத்தில், அரவேணுவில் ஒரு நண்பர் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறுகிற மலைச்சாலையில், கோத்தகிரிக்குச் சற்றுக் கீழே இருக்கிற ஊர் அது. ஒரு சின்னக் கடைவீதி, சுற்றிலும் தேயிலை, தேயிலைக்கு நடுவே படகர்களின் ஹட்டிகள். கேத்தரின் நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கேதான் சாலையை விட்டுத் திரும்பவேண்டும். நான் அதைப் பார்க்கப் போகவில்லை. கையில் ஒரே ஒரு புஸ்தகம் கொண்டுபோயிருந்தேன். பேச்சுக்கலையைப் பற்றி அரிஸ்டாடில் எழுதிய நூலின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு அது.

நாவல் எழுதுகிறவனுக்கு இது எதற்கு என்று நண்பர் கேட்டார். கவிதையைப் பற்றி அரிஸ்டாடில் சொன்னதை எல்லோரும் படித்தாகிவிட்டது, படிக்காதவர்கள்கூட மேற்கோள் காட்டுகிறார்கள். இதை யாரும் தொடுவதில்லை, அதனால் தொடுகிறேன் என்றேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதற்கு ஒரு மாதம் முன்னால் ஓர் இலக்கியக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். இருபது நிமிஷம் என்று சொல்லி ஏறியவன் முக்கால் மணி பேசினேன். தலைவர் மூன்று தடவை துண்டுச் சீட்டு அனுப்பினார். நாலாவதை நான் வாங்கவில்லை. நல்ல கைதட்டல். இறங்கி வந்ததும் கல்லூரிப் பையன் ஒருவன் பணிவாக, "ஸார், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறீர்கள்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. முக்கால் மணி நேரத்தில் எதைச் சொன்னேன் என்பதே எனக்குத் தெளிவாக இல்லை. அந்தப் பையனுக்குப் பயந்துதான் அரிஸ்டாடிலிடம் போனேன் என்று சொல்லலாம்.

போன இடத்தில், அந்த நூலின் முதற் பகுதியிலேயே ஒரு பாகுபாடு கிடைத்தது. பேச்சுக்கு மூன்று அங்கங்கள்: பேசுகிறவன், விஷயம், கேட்கிறவன். இவற்றில் பேச்சின் முடிவை நிர்ணயிப்பவன் கேட்கிறவன்தான் என்கிறார் அரிஸ்டாடில். அவன் இரண்டு வகை. ஒருவன் தீர்ப்புச் சொல்லவேண்டியவன்: நடந்துபோனதைப் பற்றி நீதிமன்றத்தில், நடக்கப்போவதைப் பற்றிப் பொதுச் சபையில். இன்னொருவன் பார்வையாளன். பேசுகிறவனின் திறமையை ரஸித்துவிட்டுப் போகிறவன். புகழ்ச்சிப் பேச்சும் இகழ்ச்சிப் பேச்சும் இவனுக்கு உரியவை. மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டாலும் இந்த ஒரு பாகுபாட்டை மறக்க முடியாது. தமிழ் மேடையைப் பற்றி நான் சொல்ல விரும்புகிற எல்லாமே இதற்குள் இருக்கிறது.

இந்தக் கலை எந்த மண்ணில் வளர்ந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். ஆதென்ஸ் நகரத்து நீதிமன்றத்தில் வக்கீல் கிடையாது. வழக்குள்ளவன் தானே எழுந்து பேசவேண்டும். கேட்பவர்கள் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த சாதாரண ஜனங்கள்; நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். கி.மு. 399ல் சாக்ரடீஸை விசாரித்தவர்கள் சுமார் ஐந்நூறு பேர். பேச்சுக்கு அளவு உண்டு. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிவைப்பார்கள். தண்ணீர் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. (நம் மேடைகளுக்கு அந்தப் பானைகளில் நாலைந்து வாங்கிக் கொடுக்கலாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்தச் சபையில் இடமில்லை என்பதை மறந்துவிட்டு ஆதென்ஸைக் கொண்டாடுவது தப்பு. ஆனால் உட்கார்ந்திருந்தவன் கையில் ஓட்டு இருந்தது. பேச்சு முடிந்ததும் அவன் எழுந்துபோய் அதைப் போட்டாக வேண்டும்.

தானே பேசத் தெரியாதவனுக்குக் கூலி வாங்கிக்கொண்டு பேச்சு எழுதிக் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். லிஸியாஸ் என்பவர் அதில் மன்னன். தன் மனைவியின் கள்ளக் காதலனைக் கொன்றுவிட்ட ஒருவனுக்கு அவர் எழுதிக் கொடுத்த பேச்சு நமக்குக் கிடைத்திருக்கிறது. அலங்காரமே இல்லை. சின்ன வீடு, மாடியும் கீழுமாக. குழந்தை பிறந்ததும் யார் எங்கே படுத்தார்கள். ராத்திரி குழந்தை அழுதது. கதவு சத்தம் கேட்டது. இவ்வளவுதான். கேட்கிறவனுக்கு, இந்த அப்பாவி பொய் சொல்லமாட்டான் என்று தோன்றிவிடும். லிஸியாஸை நாவலாசிரியர்களுடைய பாட்டனார்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள நான் தயார்.

பிளேட்டோவுக்கு இந்த வியாபாரம் பிடிக்கவில்லை. கி.மு. 427ல் சிஸிலியிலிருந்து தூதராக ஆதென்ஸுக்கு வந்து, தன் சொல்லடுக்கால் ஊரையே மயக்கிய கார்ஜியாஸ் என்பவரின் பெயரை வைத்தே ஓர் உரையாடல் எழுதினார். பேச்சுக்கலை என்பது கலையே அல்ல, சமையல் மாதிரி ஒரு கைப்பழக்கம் என்று அதில் வாதம் வருகிறது. குழந்தைகள் நீதிபதிகளாக உட்கார்ந்திருக்கிற சபையில் வைத்தியனும் சமையற்காரனும் வழக்காடினால் யார் ஜயிப்பார்கள்? பத்தியம் சொல்கிறவனா, பட்சணம் கொடுக்கிறவனா? அரிஸ்டாடில் பிளேட்டோவின் சிஷ்யர்தான்; ஆனாலும் இந்த விஷயத்தில் குருவைவிட அவருக்கு ஜனங்களிடம் நம்பிக்கை அதிகம். கேட்கிறவன் குழந்தை அல்ல. அவனுக்குத் தெரிந்ததை அவனிடமே விட்டுவிட்டு, பாதி வாதத்தைச் சொன்னால் போதும், மீதியை அவனே பூர்த்தி செய்துகொள்வான் என்கிறார். குரலேற்றம், பாவனை, சொல்லலங்காரம் பற்றியெல்லாம் எழுதுகிறபோது வேண்டாவெறுப்பாகத்தான் எழுதுகிறார். கேட்கிறவர்கள் கெட்டுப்போயிருப்பதால் இதெல்லாம் தேவைப்படுகிறது என்று முணுமுணுக்கிறார்.

நம்மிடம் இப்படி ஒரு கலை இருந்ததா என்று கேட்டால், உடனே திருக்குறளைக் காட்டுவார்கள். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்கள் இருப்பது வாஸ்தவம். ஆனால் அந்த அவை கற்றோர் அவை; அல்லது அரசன் அவை. ஓட்டுப் போடுகிற கூட்டம் அல்ல. நம் பழைய இலக்கியத்தில் பேச்சு என்பது பெரும்பாலும் ஒரே ஒருவனைப் பார்த்துப் பேசப்படுவது. அந்த ஒருவன் அரசன். அவன் ரஸிகனாகவும் இருக்கலாம், நீதிபதியாகவும் இருக்கலாம். புலவர்களின் சாமர்த்தியம் எதில் இருந்தது என்றால், ரஸிகனாக உட்கார்ந்திருக்கிறவனை நீதிபதியாக மாற்றிவிடுவதில் இருந்தது.

புறநானூற்றில் 46ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் குழந்தைகளை யானைக் காலில் இடப்போகிறான். கோவூர் கிழார் குறுக்கே வந்து பேசுகிறார். பத்து வரிகூட இல்லை. முதலில் அரசனின் குலம்: ஒரு புறாவின் துயரைத் தீர்த்தவன் வழி வந்தவன் நீ. அடுத்து இவர்கள் குலம்: புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்து கொடுத்தவர்கள். பிறகு குழந்தைகளைக் காட்டுகிறார். யானையைக் கண்ட ஆச்சரியத்தில் அழுகையை மறந்துவிட்டவை அவை; பிறகு கூடியிருக்கிற மன்றத்தைப் பார்த்து, இதுவரை அறியாத ஒரு கலக்கம் அடைகின்றன. அவ்வளவுதான். கொல்லாதே என்று புலவர் சொல்லவில்லை. கேட்டுவிட்டாய், இனி உன் விருப்பம் என்று முடித்துவிடுகிறார். குழந்தைகள் பிழைத்தன என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது.

இதைவிடச் சிறந்த பேச்சை கிரேக்கர்களிடம் நான் படித்ததில்லை. அதில் வாதம் இருக்கிறது, ஆனால் வாதம் என்று தெரியவில்லை. உருக்கம் இருக்கிறது, ஆனால் குழந்தைகள் அழுவதாகச் சொல்லி அல்ல, அழுகையை மறந்ததாகச் சொல்லி. முக்கியமாக, அதில் புகழ்ச்சி வேலை செய்கிறது. ஒருவனைப் புகழ்வதும் அவனுக்கு யோசனை சொல்வதும் ஒரே வடிவம்தான், வாக்கியத்தைக் கொஞ்சம் திருப்பினால் ஒன்று மற்றொன்றாகிவிடும் என்று அரிஸ்டாடில் ஓரிடத்தில் சொல்கிறார். கோவூர் கிழார் செய்வது அச்சாக அதுதான். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் கண்ணகியும் அந்தப் புறாவிலிருந்துதான் ஆரம்பிக்கிறாள். ஆனால் பாண்டியன் முன்னால் நின்று சோழனைப் புகழ்கிறாள். அங்கே புகழ்ச்சியே குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது. பிறகு சிலம்பை உடைக்கிறாள். முத்தா மாணிக்கமா என்பதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை.

கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிற பேச்சு நமக்கு வெகு காலம் பொறுத்துத்தான் வந்தது. 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். பைபிளைத் தமிழாக்கும் வேலையில் பெர்ஸிவல் பாதிரியாருக்கு உதவியாக இருந்தவர் அவர். பாதிரிமார்களின் பிரசங்க முறையை அருகிலிருந்து பார்த்து, அதே ஆயுதத்தை அவர்களுக்கு எதிராகத் திருப்பினார். புராணம் படிப்பதும் கதாகாலட்சேபமும் முன்பே இருந்தன. ஆனால், நீ இதைச் செய், இதை விட்டுவிடு என்று நேராக ஜனங்களைப் பார்த்துச் சொல்கிற உரைநடைப் பேச்சு புதிது.

அரசியலுக்கு அது வந்து சேர இன்னும் அறுபது வருஷம் ஆயிற்று. 1907 மே மாதம் விபின சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசியபோது இங்கிலீஷில்தான் பேசினார். அடுத்த வருஷம் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேசினார்கள். 1908 பிப்ரவரி 27ந் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மார்ச் முதல் வாரத்துக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. 12ந் தேதி பேசியவர்களைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே சிதம்பரம் பிள்ளைக்கு நாற்பது வருஷமும் சிவாவுக்குப் பத்து வருஷமும் கொடுத்தார். அப்பீலில் அது பிற்பாடு குறைந்தது. ஒரு பேச்சின் தரத்தை மதிப்பிட அந்தத் தண்டனையை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டவன் வீட்டுக்குப் போய் ஏதோ செய்தான் என்று சர்க்கார் நம்பியது.

பிறகு என்ன ஆயிற்று? திரு.வி.க. தொழிலாளர் கூட்டங்களில் நல்ல தமிழில் பேசினார். ரா.பி. சேதுப்பிள்ளையின் பேச்சில் எதுகையும் மோனையும் தாமாக வந்து உட்கார்ந்துகொண்டன. அண்ணாதுரை அந்த அடுக்குமொழியை லட்சக்கணக்கான ஜனங்களிடம் கொண்டுபோனார். 1967ல் ஆட்சியே மாறியபோது கேட்டவன் நீதிபதியாகத்தானே இருந்தான் என்று வாசகர்கள் என்னை மடக்கலாம். நியாயமான கேள்வி. அண்ணாதுரைக்கு வாதமும் தெரியும். ராஜ்ய சபையில் அவர் இங்கிலீஷில் பேசிய பேச்சுகளைப் படித்தால் அது விளங்கும். என் புகார் அவரைப் பற்றி அல்ல. அவரிடமிருந்து அடுக்குமொழியை மட்டும் எடுத்துக்கொண்டு வாதத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்களைப் பற்றி. அதே காலத்தில், அதே மேடைகளில், பெரியார் மணிக்கணக்காகப் பேச்சுத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். அலங்காரம் கிடையாது. நான் சொல்வதனால் நம்பாதே, நீயே யோசித்துப் பார் என்று திரும்பத் திரும்பச் சொல்வார். அவர் கொள்கை ஒருவருக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். கேட்கிறவனை நீதிபதியின் நாற்காலியில் உட்கார வைத்த பேச்சு அது. அந்தப் பேச்சை நகல் செய்தவர்கள் மிகக் குறைவு. நகல் செய்வதற்கு அதில் மினுக்கு இல்லை.

பட்டிமன்றத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயர் பழசு, மணிமேகலையில் பட்டிமண்டபம் வருகிறது. காரைக்குடியில் கம்பன் விழாவும், பின்னால் குன்றக்குடி அடிகளாரும் அதற்குப் புது வாழ்வு கொடுத்தார்கள். பார்ப்பதற்கு நீதிமன்றம் மாதிரியே இருக்கும்: இரண்டு கட்சி, நடுவர், தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு நடுவருடையது, ஜனங்கள் கைதட்டுவதற்கு. இன்று இந்தப் பக்கம் பேசியவர் நாளை வேறு ஊரில் அந்தப் பக்கம் பேசுவார். கார்ஜியாஸ் வந்திருந்தால் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கும் பட்டிமன்றம் பிடிக்கும். சிரித்துவிட்டு வருகிறேன். மருமகளா மாமியாரா என்ற கேள்வி என் வீட்டில் போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே திரும்பி வரும்போதும் இருக்கிறது.

அரவேணுவுக்குத் திரும்புகிறேன். நான் போன நாலாம் நாள் சாயங்காலம், பச்சைத் தேயிலை விலையைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. உருளைக்கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறிய சிறு விவசாயிகள் அங்கே ஏராளம். 1990களின் கடைசியில் விலை விழுந்ததிலிருந்து அவர்களுக்கு நிம்மதி இல்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் இலையை ஏஜெண்டிடம் போட்டு, அவன் அதைப் பாக்டரிக்கு அனுப்பி, பாக்டரி சொன்னதுதான் விலை. நண்பருக்கும் முக்கால் ஏக்கர் உண்டு; போகலாம் என்றார். புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போனேன்.

முதலில் சமவெளியிலிருந்து வந்திருந்த ஒரு பேச்சாளர் பேசினார். நல்ல கணீரென்ற குரல். தேயிலை தேயும் இலையா, எங்களைத் தேய்க்கும் இலையா என்று கேட்டார். பறிப்பது கொழுந்து, பறிபோவது வாழ்வு என்றார். கூட்டம் கைதட்டியது; நானும் தட்டினேன். முக்கால் மணி. இதே முக்கால் மணி எனக்கு வேறு எதையோ ஞாபகப்படுத்தியது. அடுத்த ஊரில் இன்னொரு கூட்டம் என்று சொல்லி, மாலையுடன் காரில் ஏறிப் போய்விட்டார்.

பிறகு ஒரு கிழவர் எழுந்தார். வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளைப் போர்வை. மைக்கை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். தங்களுக்குள் படகு பேசுகிறவர்கள்தான் கூட்டத்தில் அதிகம். ஆனால் இலங்கையிலிருந்து திரும்பி வந்து குடியேறியவர்களும் கீழ்நாட்டுக்காரர்களும் இருந்ததால் அவர் தமிழில் பேசினார்.

"எனக்குப் பேச வராது. போன புதன்கிழமை நான் நாப்பது கிலோ போட்டேன். அதிலே பத்துக் கிலோ முத்தல் இலை. எனக்குத் தெரியும். ஏஜெண்டுக்கும் தெரியும். அவன் எடையைக் கழிச்சான், நான் சண்டை போட்டேன். எங்க அப்பன் காலத்திலே மேட்டுப்பாளையம் மண்டிக்கு இங்கேயிருந்து கிழங்கு போகும். எங்க ஹட்டி மூட்டைன்னு சொன்னா அவிழ்த்துப் பார்க்கமாட்டாங்க. பாக்டரிக்காரன் நம்மை ஏமாத்தறான்னு இப்ப வந்தவர் சொன்னார். ஆமா. ஆனா நாம போடற இலையைக் காட்டித்தானே அவன் பேசறான்? நாளையிலேருந்து நான் கத்தரி போடறதில்லே. கையாலே, ரெண்டு இலை ஒரு மொட்டு. என் மூட்டையை யார் வேணும்னாலும் அவிழ்த்துப் பார்க்கலாம். சொல்லிட்டேன். மத்தது உங்க இஷ்டம்."

ஐந்து நிமிஷம்கூட இல்லை. யாரும் கைதட்டவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் புறநானூறு படித்திருக்கமாட்டார். அந்த மூட்டை விஷயம் கோவூர் கிழாரின் புறா மாதிரியே வேலை செய்தது. அப்பன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்து, அதையே யோசனையாக மாற்றி, முடிவைக் கேட்டவன் கையில் கொடுத்துவிட்டார். ஒரு விஷயத்தில் மட்டும் அரிஸ்டாடில் அங்கே தோற்றுப்போனார். பேசுகிறவன்மேல் வருகிற நம்பிக்கை அவன் பேச்சிலிருந்தே பிறக்கவேண்டும், முன்பே அவனைப் பற்றி இருக்கிற அபிப்பிராயத்திலிருந்து அல்ல என்பது அவர் கட்சி. ஐஸாக்ரடீஸ் அதற்கு மாறாக, வாழ்ந்த வாழ்க்கையே பெரிய வாதம் என்றவர். மேடை ஏறப் போதிய குரல் இல்லாமல் பேச்சுகளை எழுதியே காலந்தள்ளிய மனிதர். அவர் சொன்னதுதான் அரவேணுவில் சரி. அந்தக் கிழவரின் மூட்டையில் என்ன இருக்கும் என்பது முப்பது வருஷமாக அந்தக் கூட்டத்துக்குத் தெரியும். பத்துக் கிலோ முத்தல் என்று அவரே சொன்னபோது, அதுதான் அவர்களை உலுக்கியது.

உடனே சண்டை ஆரம்பித்தது. கத்தரியால் ஒரு நாளில் முடிகிற வேலை கையால் பறித்தால் மூன்று நாள்; கூலியை யார் கொடுப்பது என்று ஓர் அம்மாள் கேட்டாள். நாம் நல்ல இலை போட்டு, பக்கத்து ஊர்க்காரன் முத்தலைப் போட்டால் என்ன ஆகும் என்றான் ஒருவன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பார்க்கலாம் என்றான் இன்னொருவன். பனி இறங்கிவிட்டது. கடைகள் மூட ஆரம்பித்தன. ஒலிபெருக்கிக்காரன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனான். அவர்கள் எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரம் பேசினார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை; பதினேழோ பதினெட்டோ குடும்பங்கள் ஒப்புக்கொண்டன. நண்பர் தயங்கித் தயங்கிக் கடைசியில் கையைத் தூக்கினார்.

இரண்டு நாள் கழித்து எடை போடுகிற இடத்துக்கு அவருடன் போனேன். கிழவர் முன்னாலேயே வந்திருந்தார். சொன்னபடி மூட்டையை அவிழ்த்துத் தார்ப்பாயில் கொட்டினார். இளம் பச்சையாக, ஒரே சீராக இருந்தது. நாலைந்து பேர் குனிந்து கையால் அளைந்து பார்த்தார்கள். ஏஜெண்டும் பார்த்தான். எடை முன்னைப்போல் பாதிகூட இல்லை. நல்ல இலை என்று வாயாரச் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்குப் போட்ட அதே விலையைச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். கிழவர் சீட்டை மடித்துத் தலைப்பாகையில் செருகிக்கொண்டு, காலி மூட்டையை உதறினார். அடுத்த பறிப்பு என்றைக்கு என்று நண்பர் அவரைக் கேட்டார். வியாழக்கிழமை என்றார்.